கேள்வி–பதில்: மூன்று சர்வருக்கு எது போதும்?

கேள்வி: அரிசி ஆலைகளுக்கான கணக்கு மென்பொருள் நடத்துகிறோம். 3 சர்வர், 12 கன்டெய்னர் (மென்பொருளின் பகுதிகளைத் தனித்தனியே ஓட்டும் பொட்டலங்கள்). இவற்றை நிர்வகிக்க டாக்கர் ஸ்வார்மா, குபர்னெட்டிஸா, ஓப்பன்ஷிஃப்டா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: ஓப்பன்ஷிஃப்ட் சந்தா இந்த அளவுக்குக் கட்டுபடியாகாது. ஸ்வார்ம் சீக்கிரம் கைவசமாகும். ஆனால் குறுவை, சம்பா அறுவடையில் பதிவுகள் குவியும்போது கன்டெய்னர் எண்ணிக்கையைத் தானாகக் கூட்டாது. குபர்னெட்டிஸின் மெலிந்த வடிவமான கே3எஸ் போடுங்கள். ஒவ்வொரு சர்வரிலும் 2 கோர், 4 ஜிபி ராம் இருக்கட்டும்.

நிறுவும்போது முதல் சர்வரில் 'கிளஸ்டர் இனிட்' தெரிவை மறக்காதீர்கள். அதுதான் நிர்வாகத் தரவை மூன்று சர்வரிலும் பிரதி வைக்கும் எட்சிடி தரவுத்தளத்தை இயக்கும். அதை விட்டுவிட்டால் அந்தத் தரவு ஒரே சர்வரின் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் தங்கிவிடும். அந்த ஒரு சர்வர் விழுந்தால் நிர்வாகமே முடங்கும். எட்சிடி இருந்தால் மூன்றில் ஒன்று போனாலும் ஓடும். இரண்டே சர்வர் வைப்பது வீண்: ஒன்று போனால் எட்சிடி முடிவெடுக்கத் தேவையான பெரும்பான்மை போச்சு. எட்சிடிக்கு எஸ்எஸ்டி கட்டாயம். பழைய ஹார்டு டிஸ்க்கில் எழுதத் தாமதமாகி எட்சிடியின் தலைமை சர்வர் மாறிக்கொண்டே இருக்கும். கன்டெய்னர் 137 என்ற வெளியேற்ற எண்ணோடு (வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டதன் குறி) நின்றால், முதலில் நினைவக வரம்பைப் பாருங்கள். பெரும்பாலும் கஞ்சத்தனமாக வைத்திருப்பீர்கள்.