மரு ஒட்டாத சீமாட்டி

கேள்வி: 1941-இல் வந்த 'தி லேடி ஈவ்' படத்தைத் தலையில் தூக்கி வைத்து எழுதியிருந்தீர்கள். கப்பலில் காதலித்துக் கைவிட்ட பெண்ணே, கொஞ்ச நாளில் இங்கிலாந்துச் சீமாட்டி என்று வீட்டுக்கு வருகிறாள். முகத்தில் ஒரு மருகூட ஒட்டவில்லை. கதாநாயகனுக்கு ஆள் தெரியவில்லையாம்! இப்படியா காதில் பூ சுற்றுவது?

பதில்: நீங்கள் ஓட்டை என்று கைகாட்டும் இடத்தில்தான் படத்தின் உயிரே இருக்கிறது. உங்கள் சந்தேகத்தைப் படத்திலேயே ஒருவன் கேட்டுவிடுகிறான். நாயகன் சார்லஸுக்குத் துணையாக வரும் மக்ஸி, "இது அதே பொம்பளைதான்" என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்கிறான். சார்லஸ் கேட்க வேண்டுமே! ஏமாற்ற வந்தவளாக இருந்தால் தலைமுடிக்காவது சாயம் பூசியிருப்பாள். இப்படி அச்சு அசலாக இருப்பதால்தான் இவள் வேறு ஆள் என்கிறான். அமேசான் காட்டில் ஓராண்டு பாம்புகளை ஆராய்ந்துவிட்டு வந்தவன் பேசுகிற பேச்சு இது.

அவன் முட்டாள் என்பதல்ல விஷயம். கப்பலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நாயகி ஜீன் தன் சீட்டாட்ட மோசடி வேலையை விட்டுவிட்டு அவனை மனதாரக் காதலிக்கிறாள். அதே மோசடித் தொழில் செய்யும் தன் அப்பாவே அவனை மொட்டையடிக்க உட்காரும்போது குறுக்கே விழுந்து தடுக்கிறாள். ஆனால் ஒரு போட்டோவைக் காட்டி 'சூதாடிக் கும்பல்' என்றதும் சார்லஸ் அவளை உதறிவிடுகிறான். அப்போது ஒரு பட்டத்தை நம்பினான், இப்போது இன்னொரு பட்டத்தை நம்புகிறான். இரண்டு முறையும் முகத்தைப் பார்க்கவில்லை. இயக்குநர் பிரஸ்டன் ஸ்டர்ஜஸ் மரு ஒட்டியிருந்தால் இந்தக் குற்றச்சாட்டே செத்துப்போயிருக்கும்.

அந்த விருந்துக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். சார்லஸாக நடித்த ஹென்றி ஃபோண்டா அவளைப் பார்த்த பார்வையில் சோபா தடுக்கிக் குப்புற விழுகிறார். கோட்டு மாற்றிக்கொண்டு வருகிறார், மறுபடி சட்டையெல்லாம் சாப்பாடு. திரைச்சீலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு விழுகிறார். மூளைக்குத் தெரியாதது அவர் கால்களுக்குத் தெரிந்திருக்கிறது! ஜீனாக நடித்த பார்பரா ஸ்டான்விக்கோ குரலையும் கழுத்து நிமிர்வையும் மட்டும் மாற்றிக்கொண்டு அசையாமல் நிற்கிறார். அவளை அழைத்து வந்த சர் ஆல்ஃபிரடும் போலிதான். சார்லஸ் வீட்டைச் சுற்றியிருக்கும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலப் பணக்காரர்கள் அந்த 'சர்' என்ற ஒரு சொல்லுக்கே கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

கடைசியில் சார்லஸ் மறுபடி கப்பலேறுகிறான், அங்கே ஜீனைக் கண்டதும் கட்டி அணைத்துக்கொள்கிறான். அப்போதும் அவனுக்கு உண்மை தெரியாது. மூடும் கதவிடுக்கில் நழுவி வெளியே வரும் மக்ஸிதான் முணுமுணுக்கிறான்: அதே பொம்பளைதான்.