சாவியை எந்த வயதில் கொடுக்கலாம்?

கேள்வி: அக்கா, என் மகனுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. மகளுக்கு ஏழு. இருவரும் மூன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து வந்துவிடுவார்கள். இதுவரை மாமியார் பார்த்துக்கொண்டார். இப்போது அவர் நாத்தனார் வீட்டுக்குப் போயிருக்கிறார். திரும்பி வர ஆறு மாதமாவது ஆகும். நானும் கணவரும் வேலை முடிந்து வர ஐந்தரை ஆகிறது. "நான் இருந்துக்கறேம்மா, பாப்பாவையும் பாத்துக்கறேன்" என்கிறான் பையன். கணவரும் சரி என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. எந்த வயதில் தனியாக விடலாம்?

பதில்: ஒரு எண்ணைச் சொல்லி முடிக்கத்தான் எனக்கும் ஆசை. சட்டங்களே இதில் ஆளுக்கொன்று சொல்கின்றன. இங்கிலாந்தில் இதற்கென்று வயதே குறிக்கவில்லை. பிள்ளைக்கு ஆபத்து வரும்படி தனியே விட்டால் குற்றம், அவ்வளவுதான். அங்குள்ள என்.எஸ்.பி.சி.சி. என்ற குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பு, 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களை நீண்ட நேரம் தனியே விட வேண்டாம் என்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலச் சட்டப்படி, 8 வயது ஆகாத பிள்ளையை வீட்டில் தனியே விடக்கூடாது. கூட இருப்பவருக்குக் குறைந்தது 13 வயதாவது இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் மகன் தனியாக இருந்துகொள்ளலாம், தங்கையைப் பார்த்துக்கொள்ளக்கூடாது.

எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் இருப்பது உண்மையில் இரண்டு கேள்விகள். தன்னைப் பார்த்துக்கொள்வது ஒரு வேலை. அண்ணன் சொல்வதைக் கேட்காத ஏழு வயதுக்காரியைப் பார்த்துக்கொள்வது வேறு வேலை. பெரியவர்களே திணறுகிற வேலை. அவள் கீழே விழுந்து அடிபட்டால், அது தன் தப்பு என்று பையன் ரொம்ப நாள் மனதுக்குள் வைத்திருப்பான். அதனால் மகளுக்கு இந்த ஆறு மாதமும் வேறு ஏற்பாடு வேண்டும். பள்ளியிலேயே மாலையில் பார்த்துக்கொள்ளும் வசதி, நம்பிக்கையான தோழியின் வீடு, இல்லையென்றால் உங்கள் இருவரில் ஒருவர் வேலை நேரத்தை மாற்றிக்கொள்வது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி பையன். முதலில் என் கதை. என் மகனுக்குப் பதினொரு வயதில் சாவி கொடுத்தேன். கதவைத் திறக்காதே, அடுப்பைத் தொடாதே, யார் வீட்டுக்கும் போகாதே என்று ஒரு மாதம் பாடம் நடத்தினேன். தலையாட்டினான். ஒருநாள் சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்துவிட்டது. நல்ல மழை. எதிர்வீட்டம்மா இரண்டு தடவை கூப்பிட்டும் போகாமல், ஒன்றுக்குப் போவதையும் அடக்கிக்கொண்டு, நான் வரும்வரை இரண்டரை மணி நேரம் படியிலேயே உட்கார்ந்திருக்கிறான். "நீதானேம்மா யார் வீட்டுக்கும் போகாதேன்னு சொன்னே?" என்றான். அவ்வளவு சமர்த்து! அதற்கும் முதலில் அவனைத்தான் திட்டினேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. என்னென்ன செய்யக்கூடாது என்று சொன்னவள், சொன்னபடி நடக்காத நாளில் யாரிடம் போக வேண்டும் என்று சொல்லவே இல்லை.

அதனால் வயதைவிட, எதிர்பாராதது நடந்தால் உங்கள் மகன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். பத்து நிமிடம் வெளியே போய்விட்டு வாருங்கள். அடுத்த வாரம் அரை மணி. அப்புறம் ஒரு மணி. ஒருநாள் அவன் கூப்பிடும்போது வேண்டுமென்றே போனை எடுக்காதீர்கள். அடுத்த எண்ணுக்கு அடிக்கிறானா, அழுகிறானா, கண்டுகொள்ளாமல் விளையாடப் போகிறானா? மூன்று பேருடைய எண்களாவது அவனுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். போனில் சார்ஜ் தீர்ந்துபோனால், அதில் பதிந்து வைத்த எண்ணால் என்ன பயன்? அவசர எண் 112 பல நாடுகளில் வேலை செய்கிறது. கைபேசியின் திரை பூட்டியிருந்தாலும் அவசர அழைப்பு போகும். அதை எப்படிச் செய்வது என்று உட்கார்ந்து காட்டுங்கள்.

"காஸ் நாற்றம் வந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். லைட்டைப் போட்டுப் பார்ப்பேன், ஃபேனைப் போடுவேன் என்றுதான் முக்கால்வாசிப் பிள்ளைகள் சொல்வார்கள். இரண்டுமே ஆபத்து. ஸ்விட்சிலிருந்து வரும் சின்னப் பொறியே போதும். சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கி நிற்கும். எதையும் தொடாமல் வெளியே போய், அங்கிருந்துதான் போன் செய்ய வேண்டும். சுட்டுக்கொண்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும், பற்பசை தடவக்கூடாது. தெரியாதவர் போனில் அம்மாவைக் கேட்டால், "இப்ப பேச முடியாது, அப்புறம் கூப்பிடுங்க" என்றால் போதும். வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. இதையெல்லாம் ஒரே நாளில் ஒப்பிக்கச் சொல்லாதீர்கள், பையன் பயந்துவிடுவான்.

இன்னொன்று. "நான் இருந்துக்கறேன்" என்று அவன் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்களும் அவரும் ராத்திரி இதைப் பேசிக் கவலைப்பட்டது அவன் காதில் விழுந்திருக்கும். பத்து வயதுப் பிள்ளை பெற்றவர்களுக்காக தைரியமாக நடிக்கும். ஒத்திகை முடிந்து நீங்கள் வீட்டுக்கு வரும்போது எல்லா அறையிலும் விளக்கு எரிகிறதா, டிவி அலறுகிறதா, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் பக்கமே இருக்கிறானா என்று பாருங்கள். அப்படி இருந்தால் இன்னும் ஆறு மாதம் போகட்டும். அதற்குள் மாமியாரே வந்துவிடுவார்.

கேள்வி: பதினான்கு வயது மகள் மாலையில் தனியாக இருக்கிறாள். வீட்டுக்குள் கேமரா வைக்கலாமா?

பதில்: வாசலைப் பார்த்து வையுங்கள், உள்ளே வேண்டாம். வாசலில் வைப்பதையும் அவளிடம் சொல்லிவிட்டு வையுங்கள். வந்ததும் "வந்துட்டேன்" என்று அவள் ஒரு செய்தி அனுப்பினால், உள்ளே கேமரா இல்லாமலே நீங்கள் நிம்மதியாக வேலை பார்க்கலாம்.