பல் டாக்டரிடம் கேளுங்கள்: கிளிப்பைச் சுற்றி வெள்ளைத் திட்டு

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், வயது 14. மேல் முன்பல் தூக்கலாக இருந்ததால் எட்டு மாதத்துக்கு முன் கிளிப் போட்டோம். இப்போது கிளிப்பை ஒட்டி வெள்ளை வெள்ளையாகத் திட்டு தெரிகிறது. பிரஷ் பட்டால் ஈறில் ரத்தம் வருவதால் அந்த இடத்தை மட்டும் தொடாமல் விட்டுவிடுகிறாள். எங்கள் பக்கம் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்தான் வாங்குகிறேன். மாமியார் உப்பும் கரியும் வைத்துத் தேய்க்கச் சொல்கிறார். மற்றபடி காலையும் இரவும் பல் தேய்த்து, பால் குடித்துவிட்டுத்தான் படுக்கிறாள். கிளிப்பைக் கழற்றிவிடலாமா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: கழற்ற வேண்டாம் அம்மா. முதலில் அந்தப் பாலைப் பற்றிப் பேசுவோம். பல் தேய்த்துவிட்டுப் பால் குடித்துப் படுக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் சர்க்கரையோ சத்துமாவோ கலந்திருந்தால், இரவு தேய்த்தது வீண். தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். பகலில் வாய்க்குள் உண்டாகும் அமிலத்தைக் கழுவி ஆற்றுவது எச்சில்தான். அது இல்லாத நேரத்தில் கிளிப்பின் ஓரத்தில் இனிப்பு தங்கினால், அங்கே இருக்கும் கிருமிகளுக்கு ராத்திரி முழுக்க விருந்து. பால் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாலை முதலில் கொடுங்கள், அப்புறம் பல் தேய்க்கட்டும். அதன்பின் தண்ணீர் மட்டும்.

அடுத்தது வெள்ளைத் திட்டு. உங்கள் மாவட்டத்துக்கு ஃபுளோரைடு பயம் இருப்பது நியாயம்தான். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் ஃபுளோரைடால் விழும் கறையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தானே 2013-ல் ஒகேனக்கல் தண்ணீரையே ஊர் ஊராகக் கொண்டுவந்தார்கள்! ஆனால் ஃபுளோரைடு கறை, பல் ஈறுக்குள் உருவாகும் சின்ன வயதிலேயே விழுந்துவிடும். பல் முளைக்கும்போதே அது இருக்கும், 14 வயதில் புதிதாக வராது. கிளிப் போடுவதற்கு முன் எடுத்த போட்டோ இருந்தால் பாருங்கள். அதில் இல்லாத திட்டு இப்போது கிளிப்பின் விளிம்பை ஒட்டியே வந்திருந்தால், அது அழுக்கு தங்கி, அமிலம் பட்டு, எனாமலில் இருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்த இடம். சொத்தையின் முதல் படி. சரியாகத் தேய்க்காவிட்டால் கிளிப் போட்ட ஒரு மாதத்திலேயேகூட இது தொடங்கிவிடும். மேல் முன்பற்கள் இரண்டுக்கும் அடுத்தடுத்து இருக்கும் பற்களில்தான் அதிகம் வரும். அவற்றை டிஷ்யூவால் ஒற்றிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெரியாத திட்டுகூடக் காய்ந்தால் தெரியும்.

ஆகவே ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட்டை இன்றே மாற்றுங்கள். நம் நாட்டில் பேஸ்ட்டில் 1000 பிபிஎம் (ppm, அதாவது பத்து லட்சத்தில் 1000 பங்கு) வரை ஃபுளோரைடு சேர்க்க அனுமதி உண்டு. டியூபின் பின்பக்கம் அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். விளம்பரத்தில் வரும் கிராம்பும் வேம்பும் இருக்கிறதா என்பது எனக்கு முக்கியமில்லை. கரைந்த எனாமலைத் திரும்ப இறுக வைக்க உதவுவது ஃபுளோரைடுதான். 14 வயதுப் பெண் தேய்த்துத் துப்பிவிடும் பேஸ்ட்டால் பல்லில் ஃபுளோரைடு கறை வராது. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். சொம்புத் தண்ணீரை ஊற்றி ஏழெட்டு முறை கொப்பளிக்கும் பழக்கத்தை மட்டும் விடச் சொல்லுங்கள். போட்ட மருந்தை நாமே கழுவிவிடுகிறோம்.

மாமியார் சொல்வதில் பாதி சரி. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் வீங்கிய ஈறுக்கும் கம்பி குத்திய புண்ணுக்கும் இதமாக இருக்கும். தேய்ப்பதற்கு உப்பும் கரியும் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே மெலிந்த எனாமலை அந்த நரநரப்பு இன்னும் தேய்க்கும். கரித்தூள் கிளிப்பின் இடுக்கில் போய் உட்கார்ந்தால் எடுப்பதும் கஷ்டம்.

ரத்தம் வருகிறதே என்று விட்டுவிட்ட இடம்தான் இன்னும் கவனமாகத் தேய்க்க வேண்டிய இடம். ஈறு வீங்கியதே அங்கே அழுக்கு சேர்ந்ததால். மென்மையான பிரஷ்ஷால், அழுத்தாமல், ஒரு நாளும் விடாமல் தேய்த்தால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் ரத்தம் நின்றுவிடும். நிற்கவில்லை, அல்லது ஈறு வளர்ந்து கிளிப்பின் மேல் ஏறுகிறது என்றால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

எப்படித் தேய்ப்பது? கண்ணாடி முன் நின்று. இதை நான் கிளினிக்கில் எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டுதான் தேய்க்கிறார்கள். கிளிப்புக்கும் ஈறுக்கும் நடுவே மெல்லிய பட்டை போல் கொஞ்சம் பல் தெரியும் பாருங்கள், எல்லா வம்பும் அங்கேதான். பிரஷ்ஷைச் சாய்த்து, நார் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி வைத்து, சின்னச் சின்னதாக ஆட்ட வேண்டும். அப்புறம் கிளிப்பின் அடுத்த பக்கத்தில் இருந்து கம்பியை நோக்கிச் சாய்த்து, அதே மாதிரி. கடைசியில் கிளிப்பின் மேலேயே. பிறகு உள்பக்கம், மெல்லும் பக்கம். கம்பிக்கு அடியில் பிரஷ் போகாது. அதற்குப் பாட்டில் கழுவும் பிரஷ்ஷைக் குட்டியாக்கியது போல ஒன்று மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், பல்லிடுக்கு பிரஷ் என்று கேளுங்கள். ஒவ்வொரு கிளிப்புக்கும் நடுவில் கம்பிக்குள் விட்டு மேலும் கீழும் இழுத்தால் போதும். எதில் வேண்டுமானாலும் அவசரப்படட்டும், இரவில் மட்டும் கூடாது. ஊக்கு, குண்டூசி, ஈர்க்குச்சி எதையும் பல்லருகே விடாதீர்கள். ஈறு கிழியும், கம்பியும் வளையும்.

பள்ளியில் மதியம் பிரஷ் எடுக்கக் கூச்சமாக இருந்தால், தண்ணீரை வாயில் வைத்துக் கன்னம் உப்ப வேகமாக அலசித் துப்பட்டும், அதுவே பாதி வேலை. கீரை, முருங்கைக்காய் நார் அப்படித்தான் வரும். கடலை மிட்டாய், கமர்கட், சீடை, கரும்பு இவை கிளிப் கழற்றும்வரை வேண்டாம். அவை அழுக்கைவிட முதலில் கிளிப்பையே பெயர்த்துவிடும். கொய்யாவைக் கடிக்காமல் நறுக்கிக் கொடுங்கள்.

இந்தத் திட்டை கிளிப் போட்ட டாக்டரிடம் அடுத்த முறை காட்டுங்கள். தேவைப்பட்டால் ஃபுளோரைடு பூச்சு வைப்பார். திட்டு இனி பரவாமல் நிறுத்தலாம், கிளிப் கழற்றிய பிறகு கொஞ்சம் மங்கவும் செய்யும். முழுதாக மறையும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

கேள்வி: வேலைக்குப் போன பிறகு, 28 வயதில் கிளிப் போட்டிருக்கிறேன். தண்ணீர் பீய்ச்சிப் பல் சுத்தம் செய்யும் மெஷின் வாங்கினால் பிரஷ் செய்யும் வேலை மிச்சமாகுமா?
- வாசகர், சென்னை

பதில்: ஆகாது. மாட்டிய சோற்றுப் பருக்கையையும் நாரையும் அது தள்ளிவிடும், ஈறுக்கும் நல்லது. ஆனால் பல்லில் ஒட்டிய பிசுபிசுப்பான படலத்தை உரசித்தான் எடுக்க வேண்டும். கையில் காசு இருந்தால் வாங்குங்கள், பிரஷ்ஷோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பல்லிடுக்கு பிரஷ்ஷே போதும். ஆபீஸில் டீயும் கூல்டிரிங்க்ஸும் நாள் முழுக்க ஒவ்வொரு வாயாக உறிஞ்சுகிற ஆளாக இருந்தால், மெஷினைவிட அதைக் குறைப்பதில்தான் லாபம். கூல்டிரிங்க்ஸ் குடித்த கையோடு பல் தேய்க்கவும் கூடாது. தண்ணீரில் அலசிவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள்.

கேள்வி: கிளிப்பை எடுத்துவிட்டு, பல் திரும்ப நகராமல் இருக்கக் கழற்றி மாட்டும் ரீடெய்னர் கொடுத்திருக்கிறார்கள். நாற்றம் வருகிறது. வெந்நீரில் போடலாமா?
- கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: வெந்நீரில் போட்டால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும், அப்புறம் பல்லில் உட்காராது. பச்சைத் தண்ணீரும் ஒரு சொட்டு கை கழுவும் சோப்பும் போதும், இதற்கென்று தனியாக ஒரு மென்மையான பிரஷ் வைத்துத் தேய்த்து நன்றாக அலசுங்கள். பேஸ்ட் கீறல் போடும், கீறலில் அழுக்கு ஏறும், நாற்றம் திரும்ப வரும். கேன்டீனில் சாப்பிடும்போது கழற்றினால் டப்பாவில் போடுங்கள். டிஷ்யூவில் சுற்றி வைத்தவர்களின் ரீடெய்னர் எச்சில் தட்டோடு குப்பைக்குப் போவது வழக்கமாக நடக்கிறது. அப்படித் தொலைந்தால் செமஸ்டர் லீவ் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே டாக்டருக்கு போன் செய்யுங்கள், பல் நகர்ந்துவிட்டால் பழைய அளவில் செய்தது பொருந்தாது.