‘ஜோடி’ மீனுக்குக் கொடுத்த கூடுதல் காசு

கேள்வி: களியக்காவிளையில் இருக்கிறேன். கடல் மீன் வளர்த்து, வீட்டிலேயே குஞ்சு பொரிக்க வைக்க ஆசை. ஆறு மாதத்துக்கு முன் திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் ‘பிரீடிங் பேர்’ என்று இரண்டு நீமோ மீன் கொடுத்தார்கள். தனியாக வாங்கினால் ஒன்று 1,200 ரூபாய், ஜோடி என்பதால் 4,000. இரண்டும் ஒரே அளவு, ஓர் அங்குலம்கூட இருக்காது. இதுவரை முட்டை இல்லை. கேட்டால், “உயிருள்ள சாதனத்துக்கு கேரண்டி உண்டா?” என்கிறார். பில் தரவில்லை, கூகுள் பேயில்தான் பணம் போட்டேன். அடுத்த மாநிலக் கடை மீது இங்கிருந்தே புகார் கொடுக்க முடியுமா?

பதில்: முடியும். அதற்கு முன் மீனைப் பார்ப்போம். உங்கள் வழக்கே அதன் அளவில்தான் இருக்கிறது.

நீமோ என்கிற இந்தக் கோமாளி மீனின் குஞ்சில் பெண் என்று ஒன்று கிடையாது. வளரும்போது கூட்டத்தில் பெரியது பெண்ணாகும், அடுத்தது ஆணாகும், மற்றவை சிறிசாகவே நிற்கும். பெண் செத்தால் ஆண் பெண்ணாக மாறும். பெண்ணானது திரும்ப ஆணாகாது. அப்படியிருக்க, ஒரே அளவில் உள்ள இரண்டு குஞ்சுகளைக் காட்டி ‘இது ஆண், இது பெண்’ என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் கூடுதலாகக் கொடுத்த 1,600 ரூபாய் வெறும் பேச்சுக்குக் கொடுத்த காசு.

நிஜ ஜோடியில் ஒன்று கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக இருக்கும். சின்னது அதன் முன்னால் உடம்பைச் சாய்த்து நடுங்கிக் காட்டும். முட்டையிடும் முன் இரண்டும் சேர்ந்து ஒரு ஓட்டுத் துண்டையோ மண்சட்டியையோ வாயால் கடித்துக் கடித்துச் சுத்தம் செய்யும். ‘ஏற்கெனவே முட்டையிட்ட ஜோடி’ என்று கூடுதல் விலை கேட்டால், முட்டையோடு அவற்றின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். நானும் ஒரு முறை ஏமாந்தேன். எனக்கு விற்றவை இரண்டுமே பெண். மூன்றாம் நாள் காலையில் ஒன்று வால் கிழிந்து பம்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

உங்கள் மீன்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். சேர்த்தே வைத்திருங்கள், தானாக ஜோடி சேரும். ஆனால் ஒரு வருஷத்துக்கு மேலேயும் ஆகலாம். கேட்க வேண்டியது அந்த 1,600-ஐ.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். நீங்கள் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பில் தராததே அந்தச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறைதான். பணம் போன விவரமும், ‘பிரீடிங் பேர்’ என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அதுவும் சாட்சி. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள், 1,600 ரூபாய்க்குப் பல கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். ஒன்று கவனம்: வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆசைக்கு வாங்கினீர்கள் என்றால் அதையே எழுதுங்கள்.

கேள்வி: தேங்காப்பட்டணம் கடல் பக்கத்தில்தான். அப்புறம் எதற்குக் காசு கொடுத்து உப்பு வாங்க வேண்டும்?

பதில்: எங்கே, எப்போது எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் கலக்கிறது. ஜூன், ஜூலையில் மழைத் தண்ணீர் வந்து விழும்போது முகத்துவாரத்தில் உப்பு வெகுவாக இறங்கிவிடும். கோடையில், முகத்துவாரத்தையும் படகுத் துறையையும் விட்டுத் தள்ளி எடுத்தால் தொட்டிக்கு ஏற்ற தண்ணீர்தான். துணியில் வடிகட்டி, மூடிய டிரம்மில் இரண்டு வாரம் இருட்டில் வைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில் அடர்த்தி 1.025 அளவில் நிற்க வேண்டும். அதை வாங்கியதும் காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், உப்பு பூஜ்யம் (அடர்த்தி 1.000) காட்டாவிட்டால் சரிசெய்யுங்கள்.

கடை உப்பு வாங்குவதானால், மூட்டை எத்தனை கிலோ என்பதை விட எத்தனை லிட்டருக்கு வரும் என்று பார்த்து விலையை ஒப்பிடுங்கள். 100 லிட்டருக்குச் சுமார் மூன்றரை கிலோ ஆகும். சமையல் உப்பு உதவாது. தொட்டியில் தண்ணீர் வற்றினால் உப்பில்லாத நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், கடல் தண்ணீர் இல்லை. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கிறது.

கேள்வி: பாறசாலைப் பக்கம் ஒருவர் கடற்குதிரையும் பவளக்கல்லும் மலிவாகத் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்டவை. அது மத்தியச் சட்டம், எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் வாங்கினாலும் அதுவேதான். விற்றவரோடு வைத்திருப்பவரும் மாட்டுவார். கோமாளி மீனுக்குப் பவளமும் தேவையில்லை, கடல் சாமந்தியும் தேவையில்லை. கவிழ்த்து வைத்த ஒரு மண்சட்டி போதும்.

கேள்வி: என் கோமாளி மீன் ஜோடி இரண்டு முறை முட்டையிட்டுப் பொரித்தது. பொடித்த தீனி போட்டும் மூன்றாம் நாளே குஞ்சு எல்லாம் போய்விட்டது. ‘பேபி ஃபுட்’ என்று ஒரு புட்டி வாங்கினேன், அதிலும் பயனில்லை.

பதில்: புட்டிக்குக் கொடுத்த காசை மறந்துவிடுங்கள். பொரித்த குஞ்சு மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். அசையாத பொடியை அது இரையாகப் பார்க்காது, நீந்துகிற இரை வேண்டும். அதன் வாய்க்கு அடங்குவது ரொட்டிஃபர் என்கிற மிக நுண்ணிய நீர்வாழ் உயிரி. ஆர்டீமியா என்கிற உப்புநீர்க் குட்டி இறாலின் குஞ்சுகூட முதல் நாட்களில் பெரிசு. ஒரு வாரம் ரொட்டிஃபர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆர்டீமியா கலந்து கொடுங்கள். இரண்டு வாரத்தில் வெள்ளைப் பட்டை தெரிய ஆரம்பித்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

முட்டை முதலில் ஆரஞ்சு நிறம், நாளாக நாளாகக் கறுக்கும். கடைசியில் ஒவ்வொன்றிலும் வெள்ளியாக இரண்டு கண் மின்னும். ஏழெட்டு நாளில், விளக்கை அணைத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் பொரியும். அன்று போய் ரொட்டிஃபர் தேடினால் கிடைக்காது. முட்டை போடும் முன்பே வாளியில் வளர்த்து வைத்திருக்க வேண்டும், அதற்குத் தீனியாக நானோகுளோராப்சிஸ் பாசியும் வேண்டும். விழிஞத்திலும் மண்டபத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையங்கள் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கின்றன. விழிஞம் உங்களுக்குப் பக்கம் என்றால், பாசியும் ரொட்டிஃபரும் எங்கே வாங்கலாம் என்று அங்கேயே கேட்டுப் பாருங்கள். ரொட்டிஃபருக்கு ஒரு வாளி போதாது, இரண்டாவதை வேறு அறையில் வையுங்கள். ஒன்று எப்படியும் ஒரு நாள் காலையில் நாறிப் போயிருக்கும்.