காத்திருக்க முடிந்தவர்களின் ஊர்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. இரவுகளில் ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கானல்துறை என்று ஒரு நகரம். ஒரு பக்கம் பேரரசு, மறுபக்கம் யாருக்கும் சொந்தமில்லாத பாலைவனம். பாலைக்கு அப்பால் தோண்டி எடுக்கும் ஒளிக்கற்கள் அந்த ஊர் வழியாகத்தான் வெளியே போக முடியும். அங்கே அரசன் கிடையாது. ஒன்பது வணிகர்களின் அவை ஆள்கிறது. முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

ராஜா இல்லாத ஊரை வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரு ராஜாவைக் கொண்டுவரவா? நம் மரபில் வணிகர்கள் ஆண்ட நகரம் என்று ஒன்று இல்லாததால் வெனிஸை மாதிரியாக வைத்துக்கொண்டேன். அது சரியா? முதல் பக்கத்தில் வரைபடம் வேண்டுமா? பெயர்கள் தூய தமிழில் இருக்கலாமா?

அன்புடன்,
க., ராயபுரம்

*

அன்புள்ள தம்பி,

மூன்று அத்தியாயங்களையும் படித்துவிட்டேன். உங்களுக்கு எழுத வருகிறது. ஒட்டகங்கள் ஊருக்குள் நுழையும்போது சுங்கச்சாவடிப் பையன் ஒவ்வொரு மூட்டையிலும் கைவைத்துப் பார்த்து எடையை மனசுக்குள்ளேயே கணக்குப் போடுகிறானே, அந்த இடத்தைத் திரும்பப் போய்ப் படித்தேன். அந்தப் பையனை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

வரைபடம் உங்கள் இஷ்டம். பெயர்கள் நன்றாகவே இருக்கின்றன, மாற்ற வேண்டாம்.

ஆனால் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்ததும் கோபம் வந்தது. நம் மரபில் வணிகர்கள் ஆண்ட நகரம் இல்லையாம். ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எப்படித் தம்பி எழுதினீர்கள்? பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் புனித ஜார்ஜ் கோட்டை. நடுவில் பவழக்காரத் தெரு இருக்கிறது. அந்தத் தெருவுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? மத்தியதரைக் கடலில் எடுத்த பவழத்தை யூத வணிகர்கள் இங்கே கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கி அனுப்பினார்கள். உங்கள் ஒளிக்கல் வியாபாரம் முழுவதும் அந்த ஒரு தெருவில் நடந்திருக்கிறது. நீங்கள் வெனிஸுக்குப் போய்த் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

1639-ல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஃபிரான்சிஸ் டே வாங்கியது, பின்னால் மெட்ராஸ் ஆன இடம், அன்றைக்கு வெறும் மணல்மேடு. துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஒரு ஆணிகூட அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலா படகில்தான் ஆளும் சரக்கும் அலையைத் தாண்டிக் கரைக்கு வர வேண்டும். அந்த இடத்தில் ஒரு வியாபாரக் கம்பெனி கோட்டை கட்டியது, நாணயம் அடித்தது, வரி வாங்கியது, வழக்கும் தீர்த்தது. 1688-ல் மாநகராட்சி என்று ஒன்றைத் தொடங்கியபோது மேயருக்குக் கீழே 12 ஆல்டர்மேன்கள், அதாவது மாமன்ற மூத்த உறுப்பினர்கள். அதில் ஆங்கிலேயர்களோடு போர்த்துகீசியரும் யூதரும் நம்மூர் வணிகர்களும் உட்கார்ந்தார்கள். உங்கள் ஒன்பது பேர் அவையைவிட இது எவ்வளவு சுவாரசியமானது என்று பாருங்கள்.

அதற்கும் பல நூறு வருஷம் முன்னால் போனால் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. சொந்தமாகப் படைவீரர்களை வைத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போனவர்கள். எறிவீரபட்டினம் என்று தங்களுக்கான ஊர்களையே ஏற்படுத்திக் கல்வெட்டில் பொறித்தவர்கள். சுமத்ராவின் பாரூஸில் 1088-ல் அவர்கள் தமிழில் வெட்டிய கல் கிடைத்திருக்கிறது. இவ்வளவும் வீட்டுக்குள் இருக்கிறது. எட்டிப் பார்க்காமலேயே இல்லை என்று சொல்லிவிட்டீர்கள்.

ராஜா விஷயம். வையுங்கள், ஆனால் தூரத்தில் வையுங்கள். மெட்ராஸுக்கும் ராஜா உண்டு. முதலில் நாயக்கர், பிறகு கோல்கொண்டா சுல்தான், பிறகு மொகலாயர். 1672-ல் கோல்கொண்டாவோடு பேசி வருஷத்துக்கு 1,200 வராகன் (அந்தக் காலத்துப் பொற்காசு) என்று முடிவு பண்ணினார்கள். அந்த ஊரைப் பொறுத்தவரை ராஜா என்பவர் வாடகை வாங்குகிறவர். வாடகை ஒழுங்காகப் போகும்வரை அவர் அதிகம் தலையிடமாட்டார். இதை எழுதினால் எந்த வாசகரும் நம்புவார். சதி வேண்டுமென்றால் அதற்கும் பஞ்சமில்லை. 1665-ல் கோட்டைத் தலைவர் பதவி பறிபோன எட்வர்ட் விண்டர், தனக்குப் பதிலாக வந்த ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்டைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டு 1668 வரை கோட்டையைத் தானே ஆண்டார். 1776-ல் கவர்னர் பிகாட்டை அவருடைய கவுன்சில்காரர்களே கைது செய்தார்கள். ஆற்காட்டு நவாபுக்குக் கொடுத்த கடனும் அதன் வட்டியும்தான் அந்தச் சண்டைக்குப் பின்னால் இருந்தவை. அடுத்த வருஷம் அவர் காவலிலேயே செத்துப்போனார்.

சரி, இதெல்லாம் தேடினால் கிடைக்கிற தகவல்கள். நான் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

மூன்றாம் அத்தியாயத்தில் ஒன்பது வணிகர்களும் மண்டபத்தில் கூடுகிறார்கள். காரசாரமாகப் பேசுகிறார்கள். ஒருவர் வாளை உருவுகிறார். பக்கம் பக்கமாக இது போகிறது. தம்பி, வணிகர்கள் ஆளும் ஊரில் அதிகாரம் அந்த மண்டபத்தில் கிடையாது. யாரால் காத்திருக்க முடியும், யாரால் முடியாது என்பதில் இருக்கிறது. கொஞ்ச நாளாக எனக்கு இந்த ஒரு நினைப்புதான். எதைப் படித்தாலும் இங்கேயே வந்து நிற்கிறது.

என் அப்பா கோடவுன் தெருவில் ஒரு மொத்தத் துணிக்கடையில் கணக்குப்பிள்ளை. பள்ளிக்கூட லீவு நாட்களில் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு போவேன். ஆடி மாசம் தறிக்காரர்கள் வருவார்கள். பெரும்பாலும் குடியாத்தம், ஆரணிப் பக்கத்து ஆட்கள். சொந்தத் தறி நாலைந்து வைத்திருப்பவர்கள், லுங்கிக் கட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு படியேறுவார்கள். காலையில் வந்தவரை முதலாளி 'உட்காருங்க' என்பார். மரியாதையாகத்தான் சொல்வார். காப்பியும் வரும். அப்புறம் முதலாளி பேப்பர் படிப்பார், போனில் பேசுவார், உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து திண்டில் சாய்வார். தறிக்காரர் அதே பெஞ்சில் இருப்பார். நான் சாப்பாடு கொடுத்துவிட்டு அங்கேயே படம் வரைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் ரயிலுக்கு நேரமாகும். ஊரில் நூல்காரருக்கு மறுநாள் பணம் கட்டியாக வேண்டும். அப்போதுதான் முதலாளி கட்டைப் பிரித்து, ஒரு லுங்கியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விலை சொல்வார். காலையில் கேட்டிருந்தால் தறிக்காரர் எழுந்து அடுத்த கடைக்குப் போயிருப்பார். சாயங்காலம் போக முடியாது. அப்பா அந்த விலையைப் பேரேட்டில் எழுதுவார். வீட்டுக்கு வரும் வழியில் அப்பா பேசமாட்டார்.

யாரும் யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. சட்டம் எதையும் மீறவில்லை. ஒருவருக்கு அன்றைக்கு அவசரம் இல்லை, இன்னொருவருக்கு இருந்தது, அவ்வளவுதான். உங்கள் நாவலில் இருக்கிற எல்லா வாளையும்விட அந்த பெஞ்சு பயங்கரமானது.

கோட்டைக்குள் நடந்ததும் இதே கதைதான், இன்னும் பெரிய அளவில். கம்பெனி முன்பணம் கொடுக்கும். அதைத் தலைமை வணிகர்கள் வாங்குவார்கள். காசி வீரண்ணா மாதிரி ஆட்கள். அவர்களிடமிருந்து தரகர்கள், தரகர்களிடமிருந்து ஊர் ஊராக நெசவாளர்கள். மாசக்கணக்கில் நெய்து துணி கோட்டைக்கு வந்ததும் அங்கே மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். குறை சொல்லி விலையைக் குறைக்கலாம், திருப்பியும் அனுப்பலாம். காற்றும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பிவிட்டால் மெட்ராஸ் கடலில் கப்பல் நிற்க முடியாது. 1746 அக்டோபரில் ஊரைப் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்களின் கப்பல்களையே புயல் நாசம் பண்ணியது. ஆக, கப்பல் புறப்படும் நாள் நெருங்க நெருங்க ஒவ்வொருவருக்கும் அவசரம் வெவ்வேறு அளவில் ஏறும். கோட்டையில் எழுத்தராக வந்தவனுக்குச் சம்பளம் வருஷத்துக்கு 10 பவுண்டு. எலிஹு யேல் அப்படித்தான் 1672-ல் வந்து இறங்கினார். 1687-ல் கவர்னர், 1692-ல் பதவி போனது, ஊருக்குத் திரும்பும்போது பெரும் பணக்காரர். சம்பளத்தில் சேர்த்த பணமா அது? சொந்தக் கணக்கில் வியாபாரம். கம்பெனியின் அவசரம், எதிராளியின் அவசரம் இரண்டும் உள்ளே இருப்பவருக்கு முன்கூட்டியே தெரியும் இல்லையா?

உங்கள் ஊரில் பருவம் எங்கே? ஒட்டகக் கூட்டம் வருஷம் பூராவும் வந்துகொண்டே இருக்கிறது. அது போதாது. பாலைவனத்தைக் கடக்க முடியாத மாதங்கள் வேண்டும். கிணறு வற்றும் காலம், மணற்புயல் அடிக்கும் காலம், எதையாவது வையுங்கள். அந்த மாதங்களில் ஒளிக்கல் தோண்டுகிறவன் ஊருக்குள் மாட்டிக்கொள்வான். வாடகை ஏறும், தண்ணீருக்குக்கூடக் காசு. கையில் கல் இருக்கும், விற்காமல் சாப்பிட முடியாது. ஒன்பது வணிகர்களும் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். எந்த வீடு எவ்வளவு நாள் சும்மா இருக்க முடியும் என்பதில்தான் அந்த ஒன்பது பேருக்குள்ளேயே போட்டி. நீங்கள் இப்போது எழுதியிருக்கும் சண்டையைத் தூக்கிவிட்டு இதை வையுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை எழுதாவிட்டால் நாவல் பொய்யாகிவிடும். நெசவாளர்கள் ஏமாளிகள் கிடையாது. வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் இருந்தார்கள், தெற்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஆளுக்கு நெய்ய முடிந்த காலம் அது. பிடிக்கவில்லையென்றால் ஊரையே விட்டுப் போவார்கள். எல்லை நகரம் என்று நீங்கள் எழுதுகிறீர்களே, அந்த எல்லையால் ஏழைக்குக் கிடைத்த ஒரே லாபம் இதுதான். நடந்துபோகிற தூரத்தில் இன்னொரு ஆள் கடை விரித்திருக்கிறான். 1707-ல் எந்தத் தெருவில் யார் கல்யாண ஊர்வலம் போகலாம் என்று வலங்கை, இடங்கை என்று பிரிந்திருந்த இரண்டு சாதித் தொகுதிகளுக்குள் பெரிய தகராறு. வலங்கைக்காரர்கள் பலர் கிளம்பி சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அது அப்போது மொகலாயர் ஆளுகை. தாமஸ் பிட் மாதிரி பிடிவாதக்காரரான கவர்னரே இறங்கிவந்து பேச வேண்டியிருந்தது. வேலைக்காரர்கள் இல்லாத ஊரில் வியாபாரி எத்தனை நாள் காத்திருப்பான்? அங்கே கணக்கு திரும்பிவிடுகிறது. பின்னால் போட்டிக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஒடுங்கி, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் போவதற்கு வேறு இடம் இல்லாமல் போனபோது நெசவாளரின் பேரமும் ஒடுங்கிவிட்டது.

நீங்கள் கேட்டதில் பாதிக்கு நான் பதில் சொல்லவில்லை என்று தெரிகிறது. இருக்கட்டும். சுங்கச்சாவடிப் பையனுக்கு ஒரு அப்பாவைக் கொடுங்கள். கல் தோண்டுகிறவராக இருக்கட்டும், மண்டபத்துக்கு வெளியே அவர் உட்கார்ந்திருக்கட்டும். மூன்றாம் அத்தியாயத்தை அங்கிருந்து எழுதுங்கள். உள்ளே நடப்பது வாசகருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

எழுதுவதற்கு முன்னால் எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய்வாருங்கள். புனித ஜார்ஜ் கோட்டையின் நாட்குறிப்பும் ஆலோசனைப் பதிவுகளும் பழைய அச்சுத் தொகுதிகளாக இருக்கின்றன. 1680-களிலிருந்து ஆரம்பியுங்கள். சண்டையும் சதியும் வரும் பக்கங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு வராதீர்கள். துணியின் நீளம், அகலம், விலை என்று பக்கம் பக்கமாகப் போகும், அலுப்பாக இருக்கும். அதை விடாமல் படியுங்கள். படித்துவிட்டு மூன்றாம் அத்தியாயத்தை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.