கே விருது: இளம் மருத்துவ ஆய்வாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆய்வுப் பணியைத் தொடங்கியிருக்கும் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள், அதாவது என்.ஐ.எச்., தரும் ‘கே’ வரிசை விருதுகள். என்.ஐ.எச்.சின் வழக்கமான ஆய்வுத் திட்ட நிதியான ஆர்01 போன்றவை ஆய்வுக்குக் கொடுக்கப்படுகின்றன. கே விருது ஆய்வாளருக்குக் கொடுக்கப்படுகிறது. 3 முதல் 5 ஆண்டு வரை சம்பளத்தில் ஒரு பகுதியைத் தந்து, மூத்தவர் ஒருவரின் கீழ் கற்றுக்கொண்டு சொந்தக் காலில் நிற்க அவகாசம் தருவதுதான் அதன் நோக்கம். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டையே சுற்றி வரும்.

கே: பிஎச்.டி. முடித்து போஸ்ட்டாக்காகச் சேர்ந்து இரண்டே கால் ஆண்டு ஆகிறது. எச்-1பி விசாவில் இருக்கிறேன். துறையில் எல்லோரும் கே01 போடச் சொல்கிறார்கள். எனக்கு வாய்ப்பு உண்டா?
(வாசகி, பால்டிமோர்)

வழிகாட்டியின் கீழ் கற்பதற்கான கே வகைகளான கே01, கே08, கே23 மூன்றுக்கும் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் இல்லாவிட்டாலும் விருது வழங்கப்படும் நேரத்திலாவது கையில் இருக்க வேண்டும். கிரீன் கார்டு எப்போது வரும் என்று தெரியாத நிலையில் அதை நம்பி மாதக்கணக்கில் உழைப்பைக் கொட்டாதீர்கள். உங்களுக்குப் பொருந்துவது, போஸ்ட்டாக்கிலிருந்து பேராசிரியர் வேலைக்கு மாற உதவும் இரு கட்ட விருதான கே99/ஆர்00. அதற்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை. ஆனால் வழிகாட்டியின் கீழ் இருக்கும் காலம் முழுவதற்கும் விசா செல்லுபடியாகும் என்பதைப் பல்கலைக்கழகம் உறுதிசெய்ய வேண்டும்.

இதில் பலர் கோட்டைவிடுவது காலக் கணக்கில்தான். விண்ணப்பிக்கும்போது போஸ்ட்டாக் அனுபவம் 4 ஆண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. மறுவிண்ணப்பத்துக்கும் இதே விதிதான், அதை மறந்துவிடுகிறார்கள். முதல் விண்ணப்பத்துக்கான வழக்கமான கெடு பிப்ரவரி 12, ஜூன் 12, அக்டோபர் 12. மறுவிண்ணப்பத்துக்கு மார்ச் 12, ஜூலை 12, நவம்பர் 12. ஜூனில் போட்டால் மதிப்பீட்டுக் குழு அக்டோபர் வாக்கில் கூடும். எழுத்துபூர்வமான விமர்சனம் கைக்கு வருவதற்குள் நவம்பர் கெடு நெருங்கிவிடும் அல்லது போய்விடும். ஆக, அடுத்த வாய்ப்பு மார்ச். இடையில் 9 மாதம். அப்படியானால் மூன்றே கால் ஆண்டுக்குள் முதல் விண்ணப்பம் போனால்தான் இரண்டாவது வாய்ப்பு மிஞ்சும். உங்களுக்கு இன்னும் ஓராண்டு, அதாவது மூன்று கெடு இருக்கிறது. மூன்றாவதுக்குக் காத்திருக்காமல் இரண்டாவதை இலக்காக வையுங்கள். இந்தக் காலத்துக்குள் குழந்தை பிறந்திருந்தால் ஓராண்டு நீட்டிப்புக் கேட்கலாம்.

கே99 கட்டம் அதிகபட்சம் 2 ஆண்டு. அதன்பின் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தால் ஆர்00 கட்டம், அதிகபட்சம் 3 ஆண்டு. ஆர்00 தொகை ஆண்டுக்கு 2,49,000 டாலர் வரை. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் கட்டடம், நிர்வாகம் போன்றவற்றுக்காகப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும் மறைமுகச் செலவும் இதற்குள்தான் அடக்கம். அந்த விகிதம் நேரடி ஆய்வுச் செலவில் 60 சதவீதம் என்றால் ஆய்வுக்குக் கையில் நிற்பது ஏறத்தாழ 1,55,000. வேலை பேசும்போது ‘ஆர்00 இருக்கிறதே’ என்று தொடக்க நிதியைக் குறைக்கப் பார்ப்பார்கள். இந்தக் கணக்கைச் சொல்லி மறுத்துப் பேசுங்கள்.

கே: சிறுநீரகவியல் ஃபெலோஷிப் முடிக்கப்போகிறேன். நோயாளிகளைச் சேர்த்து ஓர் ஆய்வும், மின்னணு மருத்துவப் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வும் மனதில் இருக்கின்றன. கே08-ஆ, கே23-ஆ? துறைத் தலைவர் ஆய்வுக்கு 75 சதவீத நேரம் தருவதாக வாய்ச்சொல்லாகச் சொல்லியிருக்கிறார், அது போதுமா?
(மருத்துவர், சிகாகோ)

நோயாளிகளை நீங்கள் நேரடியாகச் சந்தித்துச் செய்யும் ஆய்வு என்றால் கே23. ஆய்வகம், மாதிரிகள், நேரடித் தொடர்பில்லாத தரவு என்றால் பொதுவாக கே08. பதிவுகளை மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வை என்.ஐ.எச்.சின் உள் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கின்றன. எனவே உங்கள் ஆய்வின் ‘நோக்கங்கள்’ பற்றிய ஒரு பக்க வரைவைச் சிறுநீரக நோய்களைக் கவனிக்கும் நிறுவனத்தின் புரோகிராம் ஆபீசருக்கு, அதாவது அந்த விருதுகளைக் கவனிக்கும் அலுவலருக்கு, அனுப்பிக் கேளுங்கள். கெடுவுக்கு ஆறு மாதம் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது.

கூடவே இன்னொன்று: நோயாளிகளுக்கு முன்கூட்டியே ஒரு தலையீட்டை (மருந்து, சிகிச்சை போன்றது) ஒதுக்கி, அதன் விளைவை உடல்நல அளவீட்டில் பார்க்கிறீர்கள் என்றால், அது சிறிய அளவில் இருந்தாலும் என்.ஐ.எச். கணக்கில் கிளினிக்கல் டிரையல். டிரையல் உள்ளதற்கும் இல்லாததற்கும் விண்ணப்பம் கோரும் அறிவிப்புகள் தனித்தனி. தவறான அறிவிப்பின் கீழ் போட்டால் படிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வாய்ச்சொல் போதாது. 75 சதவீதம் என்பது ஆண்டுக்கு 9 மாத உழைப்பு. மீதி 25 சதவீதத்தில் என்ன அடங்கும் என்று துறைத் தலைவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வாரம் அரை நாள் வெளிநோயாளர் பிரிவு என்றால் 10 சதவீதம் போயிற்று. மிச்சம் 15 சதவீதத்தில் ஆண்டுக்கு எட்டு வார வார்டு பணி அடங்கும். இரவு அழைப்பும் வார இறுதியும் அந்த எட்டு வாரத்துக்குள்ளா, வெளியிலா? இங்கேதான் பிறகு தகராறு வருகிறது. சம்பளக் கணக்கும் உண்டு. உங்கள் சம்பளம் 2,20,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 75 சதவீதம் 1,65,000. என்.ஐ.எச். நிறுவனம் 1,00,000 வரைதான் தருகிறது என்றால் துண்டு விழும் 65,000-ஐத் துறை கொடுக்க வேண்டும். வெளிப்படையான அனுமதி இல்லாமல் அதை வேறொரு மத்திய அரசு நிதியிலிருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது. இதெல்லாம் தெரிந்த பிறகும் தலைவர் சம்மதித்தால்தான் அது சம்மதம்.

அந்தச் சம்மதம் ஒரு பக்கக் கடிதமாக விண்ணப்பத்தில் போகும். அதில் நேரம், இடம், கருவிகள், ஆள் உதவி எல்லாம் எண்ணிக்கையோடு இருக்கட்டும். உங்கள் நியமனம் இந்த விருது கிடைப்பதைப் பொறுத்தது அல்ல என்ற வாக்கியம் கட்டாயம் இருக்க வேண்டும். ‘விருது வந்தால் பதவி’ என்ற தொனி துளி வந்தாலும் மதிப்பெண் சரியும்.

கே: நீரிழிவுக் கால் புண் பற்றிய என் கே23 விண்ணப்பத்துக்கு 46 மதிப்பெண் வந்தது. ‘பயிற்சித் திட்டம் பொதுப்படையாக இருக்கிறது’, ‘வழிகாட்டியிடமிருந்து எப்படித் தனித்து நிற்பார் என்று தெரியவில்லை’ என்கிறார்கள். ஆய்வைக் குறை சொல்லவில்லை. எதைத் திருத்துவது?
(மருத்துவர், ஹூஸ்டன்)

மதிப்பெண் 10 முதல் 90 வரை, குறைந்தால்தான் நல்லது. குழு விவாதித்து 46 தந்திருக்கிறது என்றால் விண்ணப்பத்தில் உயிர் இருக்கிறது. அவர்கள் பார்ப்பது ஐந்து: விண்ணப்பதாரர், பயிற்சித் திட்டம், ஆய்வுத் திட்டம், வழிகாட்டிகள், பல்கலைக்கழகச் சூழல். ஐந்தில் ஒன்றுதான் ஆய்வு. ஆனால் உங்களைப் பற்றிய பகுதிக்கும் ஆய்வுத் திட்டத்துக்கும் சேர்த்துக் கிடைக்கும் 12 பக்கத்தில் 9 பக்கத்தை ஆய்வுக்கே கொடுத்துவிட்டு, மூன்று பக்கத்தில் தன்னைப் பற்றிச் சொல்லி முடிப்பவர்களே அதிகம். ஐந்து பக்கமாவது உங்களுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குங்கள்.

‘பொதுப்படை’ என்று அவர்கள் சொல்வது இந்த மாதிரி வாக்கியங்களை: “புள்ளியியலில் என் திறனை வளர்த்துக்கொள்வேன், இரண்டு பாடங்கள் படிப்பேன், ஆண்டுதோறும் மாநாட்டில் கலந்துகொள்வேன்.” யார் வேண்டுமானாலும் எழுதலாம் இதை. உங்கள் ஆய்விலிருந்தே எழுதினால் இப்படி வரும்: “ஆறிய புண் மீண்டும் வருகிறதா என்று தொடர்ந்து பார்க்கும்போது சிலர் இடையில் இறந்துவிடுகிறார்கள், சிலருக்குக் காலை அகற்ற வேண்டியிருக்கிறது. இவற்றைப் போட்டி நிகழ்வுகளாகக் கொண்டு கணக்கிடும் முறையில் எனக்குப் பயிற்சி இல்லை. முதல் ஆண்டில் உயிர்வாழ்வுப் பகுப்பாய்வுப் பாடம் படிப்பேன். இணை வழிகாட்டியான புள்ளியியலாளரை இரு வாரத்துக்கு ஒருமுறை சந்திப்பேன். இரண்டாம் ஆண்டு முடிவில் முதல் நோக்கத்தின் கட்டுரையை இந்த முறையில் எழுதி முடிப்பேன்.” தெரியாதது என்ன, ஏன் தெரிய வேண்டும், யாரிடம், எப்போது, கையில் என்ன மிஞ்சும் என்ற ஐந்தும் இதில் வந்துவிட்டன.

பயிற்சியால் நிரப்ப வேண்டிய இப்படிப்பட்ட மூன்று இடைவெளி போதும். ஆறு இருந்தால் ‘இவர் இன்னும் தயாராகவில்லை’ என்று தோன்றும்; ஒன்றுமே இல்லையென்றால் ‘இவருக்கு எதற்கு கே விருது?’ என்று கேட்பார்கள். எழுதி முடித்ததும் பயிற்சி, ஆய்வு இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபாருங்கள். எந்த நோக்கத்திலும் பயன்படாத பயிற்சியை வெட்டுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரியாத, பயிற்சியிலும் வராத ஒரு முறை ஆய்வில் இருந்தால், ஒன்று பயிற்சியைச் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த முறையை எடுத்துவிடுங்கள்.

இனி வழிகாட்டி. அவருடைய அறிக்கைக்கு 6 பக்கம் இடம் உண்டு. முதல் வரைவை விண்ணப்பதாரரே எழுதிக் கொடுப்பது பரவலான வழக்கம். ஆனால் உங்களால் எழுத முடியாதவை சில இருக்கின்றன: அவர் முன்பு உருவாக்கியவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள், அவருடைய நிதி எந்த ஆண்டு வரை, இந்தக் கேள்வியையும் தரவையும் நீங்கள் எடுத்துக்கொண்டு போகலாம், அவர் போட்டிக்கு வரமாட்டார் என்ற உறுதி. கடைசியாகச் சொன்னதுதான் உங்கள் இரண்டாவது விமர்சனத்துக்கு நேரடிப் பதில். எந்த நோயாளிக் குழு அவருடையது, எந்தக் கேள்வி உங்களுடையது என்று அவர் பெயர் சொல்லிப் பிரித்து எழுத வேண்டும். நீங்கள் ‘வாரம் ஒருமுறை சந்திப்பு’ என்றும் அவர் ‘மாதம் இருமுறை’ என்றும் எழுதியிருந்தால், மதிப்பீட்டாளர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

நிதியையும் ஒருமுறை பாருங்கள். சம்பளம் போக ஆய்வுச் செலவுக்கு என்று பல நிறுவனங்கள் தருவது ஆண்டுக்கு 25,000 முதல் 50,000 டாலர். ஓர் ஒருங்கிணைப்பாளரின் முழுச் சம்பளத்துக்கே அது காணாது. 300 புதிய நோயாளிகளைச் சேர்ப்பேன் என்று எழுதினால் நம்பமாட்டார்கள். வழிகாட்டியின் நடப்பு ஆய்வில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் நோயாளிகளோடு உங்கள் கேள்வியை இணைத்து, எந்தச் செலவை எந்த நிதி ஏற்கும் என்று எழுதுங்கள்.

மறுவிண்ணப்பத்தில் ஒரு பக்க முன்னுரை உண்டு. அதில் வாதாடாதீர்கள். என்ன மாற்றினீர்கள், எங்கே மாற்றினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். முதல் விண்ணப்பத்திலிருந்து 37 மாதத்துக்குள் போட வேண்டும். எழுதத் தொடங்கும் முன் புரோகிராம் ஆபீசரோடு பேசிவிடுங்கள். குழு கூடியபோது அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கலாம். விமர்சனத் தாளில் இல்லாத அழுத்தங்கள் அவருக்குத் தெரியும்.

கே: என் வழிகாட்டியின் கடிதத்தைப் பரிந்துரைக் கடிதங்களில் ஒன்றாகக் கணக்கில் சேர்க்கலாமா?
(போஸ்ட்டாக், சியாட்டில்)

கூடாது. வழிகாட்டி, இணை வழிகாட்டி நீங்கலாகக் குறைந்தது 3, அதிகபட்சம் 5 கடிதம். அவற்றை எழுதுபவர்களே என்.ஐ.எச்.சின் இணையத் தளமான இ.ஆர்.ஏ. காமன்ஸில் நேரடியாக ஏற்ற வேண்டும். உங்கள் விண்ணப்பத்தோடு சேர்ந்து போகாது. கெடு விண்ணப்பத்துக்கு உள்ளதே. நான்கு பேரிடம் கேட்டு வையுங்கள், ஒருவர் மறந்தாலும் மூன்று நிற்கும். உங்கள் காமன்ஸ் அடையாளப் பெயரையும் அறிவிப்பு எண்ணையும் சரியாக எழுதி அனுப்புங்கள். இவை தவறினால் கடிதம் உங்கள் விண்ணப்பத்தோடு வந்து சேராது.

கே: எங்கள் பல்கலைக்கழகத்திலேயே கே12 திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்தால் பிறகு தனி கே விருதுக்குத் தடையா?
(உதவிப் பேராசிரியர், பிட்ஸ்பர்க்)

தடையில்லை, நல்ல முதல் படி. கே12-இல் நிதி பல்கலைக்கழகத்துக்கு வருகிறது, ஆட்களை உள்குழு தேர்ந்தெடுக்கிறது. இரண்டையும் சேர்த்து மொத்தம் 6 ஆண்டைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. கே12-இல் மூன்று ஆண்டு இருந்துவிட்டால் பிறகு ஐந்து ஆண்டு கே23 கேட்க முடியாது. எனவே கே12-இன் முதல் ஆண்டிலேயே தனி விருதுக்கு எழுதத் தொடங்குங்கள்.

கே: கே08-இல் மூன்றாம் ஆண்டு. ஆர்01 எப்போது போட வேண்டும்?
(மருத்துவர், ஆன் ஆர்பர்)

இப்போதே. மூன்றாம் ஆண்டு முடிவிலோ நான்காம் ஆண்டுத் தொடக்கத்திலோ முதல் ஆர்01 போனால், ஒருமுறை தோற்று மறுபடி போட்டாலும் கே08 முடிவதற்குள் முடிவு தெரிந்துவிடும். கடைசி 2 ஆண்டுகளில் தலைமை ஆய்வாளராக உங்களுக்கு ஆர் வகை நிதி வந்தால், கே08-க்கான உழைப்பை 9 மாதத்திலிருந்து 6 மாதமாகக் குறைத்து, மீதியை அந்த நிதியில் சம்பளமாகப் பெறலாம். இறுதிப் பட்டமோ மருத்துவப் பயிற்சியோ முடிந்த 10 ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு ‘ஆரம்பநிலை ஆய்வாளர்’ என்ற சலுகையும் உண்டு. காமன்ஸ் கணக்கில் உங்கள் பட்டத் தேதியும் ரெசிடென்சி முடிந்த தேதியும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். ரெசிடென்சி தேதியை நிரப்பாமல் விட்டால் பட்டம் வாங்கிய ஆண்டிலிருந்தே எண்ணத் தொடங்கி, சலுகைக் காலத்தில் பல ஆண்டுகள் கழிந்துபோகும்.