கோர்ட் வாசல்: டிக்ரியின் கடைசித் தாள்

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற கோர்ட் சிரஸ்தார் (தலைமை எழுத்தர்), நீலகிரி

கேள்வி: பக்கத்துத் தோட்டக்காரருக்கும் எனக்கும் தேயிலைத் தோட்டப் பாதை சம்பந்தமாக முன்சீப் கோர்ட்டில் வழக்கு. அவர் வாதி. நான் தோற்றுவிட்டேன், பாதையையும் திறந்து விட்டுவிட்டேன். இப்போது அவருடைய வழக்குச் செலவுத்தொகை 35,160 ரூபாய் கட்டச் சொல்லி ஈ.பி. (தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு) நோட்டீஸ் வந்திருக்கிறது. இந்தக் கணக்கை யார், எப்போது போட்டார்கள்? என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, இது நியாயமா? அட்வகேட் கமிஷனர் (இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிக்கும் வக்கீல்) ஃபீஸில் பாதி, 6,000 ரூபாய், நானே கட்டியிருக்கிறேன். “டிக்ரி வந்தாச்சு, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது” என்கிறார் வக்கீல். ஜப்திக்கு வருவார்களா? டிக்ரி ஜெராக்ஸ் இணைத்திருக்கிறேன்.
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், கோத்தகிரி)

பதில்: ஜெராக்ஸ் அனுப்பியது நல்ல காரியம். பெரும்பாலானவர்கள் தீர்ப்பை மட்டும் அனுப்பிவிட்டுச் செலவுத்தொகையைப் பற்றிக் கேட்பார்கள். கணக்கு இருப்பது, தீர்ப்பை ஒட்டி கோர்ட் தனியாகத் தயாரிக்கும் டிக்ரியின் கடைசித் தாளில்.

உங்கள் தாளை எடுத்துக்கொள்வோம். இடது பத்தி வாதிக்கு, வலது பத்தி பிரதிவாதிக்கு. இடது பக்கம் வக்கீல் ஃபீஸ் 20,000, கமிஷனர் ஃபீஸ் 12,000, மிச்சம் 3,160 கோர்ட் ஸ்டாம்ப், சம்மன் பேட்டா, டைப்பிங் வகை. வலது பக்கம் வக்காலத்து ஸ்டாம்பைத் தவிர எல்லாம் வெறும் கோடு. அதன் கீழே பொடி எழுத்தில் ‘ஃபீஸ் சான்று தாக்கல் இல்லை’, அதாவது ஃபீஸ் வாங்கியதாக உங்கள் வக்கீல் எழுதிக் கொடுக்கவில்லை. உங்கள் பங்கு 6,000 எங்கேயும் ஏறவில்லை. முழு 12,000 வாதி கணக்கில் உட்கார்ந்திருக்கிறது.

யார் போட்டது என்றால், நான் இருந்த மேசை மாதிரி ஒரு மேசைதான். நீதிபதி தீர்ப்பின் கடைசி வரியில் ‘செலவுத்தொகையுடன்’ என்று சொல்வதோடு சரி. தொகையை அவர் எழுதுவதில்லை. தீர்ப்பு சொன்ன 15 நாளைக்குள் டிக்ரி தயாராக வேண்டும் என்பது சட்டம். ஜெயித்த பக்கத்து வக்கீல் செலவுப் பட்டியலும் ஃபீஸ் சான்றும் கொடுத்திருப்பார். எழுத்தர் வழக்குக் கட்டைப் புரட்டி, ஸ்டாம்பையும் ரசீதையும் பார்த்து எழுதுவார். வேலை நெருக்கடியில் பட்டியலில் இருக்கும் எண் அப்படியே டிக்ரிக்கு இறங்கிவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. தோற்ற பக்கத்திலிருந்து யாரும் வந்து எட்டிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் செலவுப் பட்டியலைத் தோற்றவருக்கு அனுப்பியே ஆக வேண்டும். ஒவ்வொரு இனத்துக்கும் ஆட்சேபம் எழுத 21 நாள் தருவார்கள், அப்புறமும் ஒத்துப்போகாவிட்டால் அதற்கென்றே இருக்கும் நீதிபதி விசாரிப்பார். நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குப் போடும் ஒரிஜினல் சைடிலும், செலவுக் கணக்கைச் சரிபார்க்க டாக்ஸிங் ஆபீசர் உண்டு. மலைமேல் இருக்கும் முன்சீப் கோர்ட்டில் அப்படித் தனி விசாரணை கிடையாது. நியாயமா என்று கேட்டீர்கள். தோற்றவன் பணம் கட்டுவது நியாயம்தான். பார்க்காத கணக்குக்குக் கட்டுவது இல்லை என்பது என் கட்சி. ஆனால் பார்க்க வழியே இல்லை என்று சொல்ல முடியாது. நகல் மனு போட்டால் வழக்குக் கட்டில் இருக்கும் எந்தக் காகிதமும் உங்களுக்குக் கிடைக்கும்.

முதலில் தீர்ப்பின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். சிவில் நடைமுறைச் சட்டம் 35-ஆம் பிரிவுப்படி ஜெயித்தவருக்குச் செலவுத்தொகை கிடைப்பது வழக்கம். கொடுக்காவிட்டால்தான் நீதிபதி காரணம் எழுத வேண்டும். டிக்ரி தீர்ப்பை ஒட்டித்தான் இருக்க வேண்டும். ‘செலவுத்தொகை இல்லை’ என்றோ ‘விகிதாசாரச் செலவு’ (ஜெயித்த அளவுக்கு மட்டும்) என்றோ தீர்ப்பில் இருந்தால் இந்த 35,160 அப்படியே நிற்காது.

அடுத்து வக்கீல் ஃபீஸ். வாதி தன் வக்கீலுக்கு உண்மையில் எவ்வளவு கொடுத்தார் என்பது இங்கே பேச்சில்லை. 1973-ஆம் வருட வக்கீல் கட்டண விதிகள் என்று இருக்கின்றன. வழக்கின் மதிப்பை ஒட்டி அதில் சொன்ன அளவுதான் எதிர்க்கட்சி தலையில் விழும். பாதை வழக்குகளுக்குப் பிராதில் (வாதி தாக்கல் செய்யும் வழக்கு மனுவில்) போடும் மதிப்பு பெரும்பாலும் சின்னது. அதற்கு 20,000 என்பது எனக்கு இடிக்கிறது. பிராதின் மதிப்பீட்டுப் பத்தியையும் வாதி தரப்பு ஃபீஸ் சான்றையும் நகல் வாங்கிப் பாருங்கள். கூடவே கமிஷனர் நியமன உத்தரவு, நீங்கள் 6,000 கட்டிய ரசீது அல்லது மெமோ, வாதி கொடுத்த செலவுப் பட்டியல்.

இவற்றை வைத்துக்கொண்டு ஈ.பி.யில் போய் வாதாடாதீர்கள். ஈ.பி. கோர்ட் டிக்ரிக்குப் பின்னால் போய்ச் சரி தப்பு பார்க்காது. அதே வழக்கு எண்ணில், டிக்ரி கொடுத்த கோர்ட்டிலேயே 152-ஆம் பிரிவில் திருத்த மனு போடுங்கள். கணக்குப் பிழை, எழுத்துப் பிழை, கைத்தவறு இவற்றை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிறது அந்தப் பிரிவு. உங்கள் வக்கீல் ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்றது இந்த இடத்தில் பொருந்தாது. கமிஷனர் ஃபீஸ் விஷயம் மட்டும் நின்றாலே 29,160-க்கு இறங்கிவிடும். அந்த மனு எண்ணைச் சொல்லி ஈ.பி.யில் வாய்தா கேளுங்கள். தகராறு இல்லாத தொகையைக் கோர்ட்டில் கட்டிவிட்டுக் கேட்டால் எந்த நீதிபதியும் காது கொடுப்பார்.

எனக்குச் செலவுத்தொகையே போட்டிருக்கக் கூடாது என்ற வாதம் 152-இல் எடுபடாது. அது அப்பீல் சமாச்சாரம். 30 நாள் கெடு, நகல் வாங்கிய நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். செலவுத்தொகைக்காக மட்டும் அப்பீல் போனால் மேல்கோர்ட் அவ்வளவாக ரசிப்பதில்லை.

ஜப்தி வரலாம், டிக்ரிக்கு 12 வருடம் உயிர் உண்டு. ஆனால் விவசாயியின் உழவுக் கருவிகளைத் தொட 60-ஆம் பிரிவு விடாது. கவாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு போவார்களோ என்று வீட்டில் பயப்பட வேண்டாம்.

கேள்வி: வாய்தா கேட்டபோது எதிர்க்கட்சிக்கு 1,000 ரூபாய் டே காஸ்ட் கட்டினேன். கடைசியில் நான் ஜெயித்தால் திரும்ப வருமா?
(ஒரு வாசகி, கூடலூர்)

பதில்: வராதும்மா. அது தாமதத்துக்கான கட்டணம், 35-பி பிரிவு. ஜெயித்தாலும் தோற்றாலும் போனது போனதுதான். ஆனால் தோற்றுப்போனால் ஒன்றைக் கவனியுங்கள்: கட்டி முடித்த டே காஸ்டை டிக்ரி செலவில் மறுபடி சேர்க்கக் கூடாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: என்மேல் பொய்யாக வழக்குப் போட்டு ஐந்து வருடம் அலையவிட்டார்கள். தள்ளுபடி ஆகிவிட்டது. எனக்கு ஆன இரண்டு லட்சத்தையும் வாங்க முடியுமா?
(ஒரு வாசகர், குன்னூர்)

பதில்: பொய் வழக்குக்கு ஈட்டுத்தொகை தருவது 35-ஏ பிரிவு. அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய். ஆமாம், மூவாயிரம்தான். 1976-இல் வைத்த வரம்பு; மே மாதம் ஊட்டியில் ஒரு ராத்திரி ரூம் வாடகைக்குக் காணாது. டெல்லி வழக்கு ஒன்றில் உயர் நீதிமன்றம் 45 லட்சத்துக்கு மேல் செலவுத்தொகை போட்டதை, சட்டத்திலும் விதியிலும் அதற்கு இடமில்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் நிற்க விடவில்லை. வரம்பை உயர்த்த வேண்டும் என்று அந்தத் தீர்ப்பிலேயே சொல்லியும் இருக்கிறது. அந்த 3,000-ம் சும்மா வராது. வழக்கு பொய் என்று தெரிந்தே போட்டார் என்ற ஆட்சேபத்தை வழக்கு தள்ளுபடி ஆவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். உங்கள் எதிருரையில் (பிராதுக்கு நீங்கள் கொடுத்த பதிலில்) அந்த வரி இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். இருந்தால் மேற்கொண்டு பேசலாம்.